நெஞ்சு நோ: அது இதயக் குழாய் அடைப்பாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஓபிடிகளிலும் கிளினிக்குகளிலும் நெஞ்சு நோவைப் பற்றி ஆட்கள் கேட்கிற கேள்விகள் இவை. பதில்கள் எல்லாம் ஒரே நீளத்தில் இருக்காது. சிலதுக்கு இரண்டு வரி போதும், சிலதுக்குக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

இப்பவே நெஞ்சு நோகுது. முதல்ல இதை வாசிக்கவா?

வேண்டாம். நெஞ்சை இறுக்கிப் பிடிப்பது போலவோ பாரம் ஏறியது போலவோ நோவு வந்து, பத்துப் பதினைந்து நிமிடமாகியும் விடாமல் நின்றால் 1990க்கு அடியுங்கள். கூடவே வியர்த்துக் கொட்டினாலோ, ஓங்காளித்தாலோ, மூச்சு முட்டினாலோ, கண் இருட்டினாலோ அந்த நேரத்தைக் கூடப் பார்க்க வேண்டாம். அம்புலன்ஸ் இலவசம். நோயாளி தானே மோட்டார் சைக்கிள் ஓட்டிப் போகக் கூடாது.

அஸ்பிரின் ஒவ்வாமையோ இரத்தக்கசிவோ இல்லாதவர் 300 மில்லிகிராம் அஸ்பிரினை மென்று விழுங்கலாம். ஆனால் நோவு கிழிப்பது போல முதுகுக்குப் பாய்ந்தால் வேண்டாம், அது பெருநாடி கிழிவாக இருக்கலாம். காய்ச்சலும் சேர்ந்திருந்தால் டெங்கை நினைத்து அஸ்பிரினைத் தொடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனதும் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள விதி. வரிசையில் நிற்காமல் "நெஞ்சு நோ" என்று சத்தமாகச் சொல்லுங்கள்.

இனி வருபவை எல்லாம் வந்து வந்து போகிற நோவைப் பற்றியவை.

நெஞ்சு நோ என்றாலே ஹார்ட் தானே?

இல்லை. ஓபிடிக்கு நெஞ்சு நோவோடு வருபவர்களில் பெரும்பாலானோருக்கு இதயம் காரணமல்ல. விலாத் தசை, விலா எலும்பு மூட்டு, நெஞ்செரிவு, பதற்றம் இவைதான் அதிகம். நிமோனியா, நுரையீரலில் இரத்தக் கட்டி, அக்கி போன்றவையும் உண்டு. சிலநேரம் கொப்புளம் போடுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அக்கி நோகத் தொடங்கிவிடும்.

"இவருக்கு முடியுரு நாடி (இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்) அடைத்திருக்கிறது" என்று யாரும் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. "இந்த வயதில், இந்த மாதிரி நோவோடு வருகிற நூறு பேரில் எத்தனை பேருக்கு அடைப்பு இருக்கும்" என்று மட்டும்தான் சொல்லலாம். எந்தச் சோதனை வேண்டும், அதன் முடிவை எவ்வளவு நம்பலாம் என்பதெல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தே இருக்கிறது. ஆகவே சோதனைக்கு முன்னால் வாய்ப்பைக் கணிக்க வேண்டும். நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் ஏதாவது ஒரு சோதனையை எடுத்துவிட்டு, அந்தத் துண்டோடு வந்து "இது என்ன டொக்டர்?" என்று கேட்கிறார்கள்.

டொக்டர் இவ்வளவு கேள்வி கேட்கிறார். ஒரு மெஷினில் போட்டுப் பார்த்தால் முடிந்துவிடாதா?

அந்தக் கேள்விகள்தான் முதல் சோதனை. முக்கியமானவை மூன்று. நோவு நெஞ்சின் நடுவில், இறுக்கமாக, பாரமாக இருக்கிறதா? உடலை வருத்தும்போதோ மனம் கொதிக்கும்போதோ வருகிறதா? ஓய்வெடுத்தால், அல்லது நாக்குக்குக் கீழ் வைக்கும் குளிசையால், ஐந்து நிமிடமளவில் போய்விடுகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது அசல் இதய நோவின் சாயல். இரண்டுக்கு ஆம் என்றால் நடுத்தரம். ஒன்று அல்லது ஒன்றும் இல்லையென்றால் இதயம் காரணமாக இருக்கும் வாய்ப்பு குறைவு. அமெரிக்க இதய அமைப்புகள் 2021இல் இந்தப் பிரிப்பைத் தள்ளிவிட்டு "இதய நோவு, இதய நோவாக இருக்கலாம், இதய நோவல்ல" என்று மூன்றாகப் பிரிக்கச் சொன்னார்கள். கேட்கப்படும் விஷயம் மாறவில்லை.

இரண்டாவது கேள்வியில்தான் பிழை விடுகிறோம். பாடப்புத்தகம் "மாடிப்படி ஏறும்போது நோகிறதா" என்று கேட்கும். எங்கள் ஊர் தட்டை, பல வீடுகளில் படியே இல்லை. "இல்லை டொக்டர், படி ஏற நோகாது" என்பார் ஒருவர். அவர் படி ஏறியே பல மாதம் ஆகியிருக்கும். கச்சான் காற்றுக்கு எதிராகச் சைக்கிள் மிதிக்கும்போது என்ன செய்கிறது? கல்லடிப் பாலத்தின் ஏற்றத்தில்? உரமூடையைத் தோளில் தூக்கி வரம்பில் நடக்கும்போது, வள்ளத்தைக் கரைக்கு இழுக்கும்போது, கல்யாண வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வெயிலில் நடக்கும்போது? இப்படிக் கேட்டால் பதில் வேறாக வரும். படுவான்கரை விவசாயி ஒருவர் "இப்பெல்லாம் நோகிறதில்லை" என்று சொன்னால் அடுத்து கேட்க வேண்டியது: "மூடையை இப்ப யார் தூக்குறது?" மகன் தூக்குகிறான் என்றால் நோவு போகவில்லை, வேலைதான் போயிருக்கிறது.

நோவு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும் உதவும். ஊசி குத்தியது போல ஒரு நொடி வந்து போவது, காலையிலிருந்து இரவுவரை ஒரே சீராக மூன்று நாள் நோவது, இரண்டும் இதயக் குழாயின் பழக்கமல்ல. அது வழக்கமாகச் சில நிமிடங்கள் நிற்கும். விரல் நுனியால் "இந்த இடம்" என்று தொட்டுக் காட்டுபவரைவிட, உள்ளங்கையை நெஞ்சில் விரித்து வைப்பவரை நான் கூடுதல் கவனமாகப் பார்ப்பேன். அமத்தினால் அதே நோவு வருகிறது என்றால் வாய்ப்பு குறைகிறது, ஆனால் முழுதாக நீங்கிவிடாது.

சோடா குடிச்சு ஏவறை விட்டதும் சரியாயிட்டுது. அப்ப வாய்வு தானே?

இந்த ஒரு நம்பிக்கையால் ஆஸ்பத்திரிக்குப் பிந்தி வந்தவர்கள் ஏராளம். இதய நோவு ஓய்வெடுத்தால் சில நிமிடத்தில் தானாகவே அடங்கும். சோடா வாங்க, உட்கார்ந்து குடிக்க, ஏவறை விட அதே சில நிமிடம் பிடிக்கும். பெயர் சோடாவுக்குப் போய்விடுகிறது. ஆஸ்பத்திரியில் தரும் அசிட் மருந்துக்கும் இது பொருந்தும். அதைக் குடித்துச் சுகமானது இதயம் இல்லை என்பதற்குச் சான்று அல்ல.

மறுபக்கமும் உண்டு. நாக்குக்குக் கீழ் வைக்கும் ஜிடிஎன் குளிசையில் சுகமானால் "ஹார்ட்தான்" என்று முடிவு கட்டுவார்கள். உணவுக்குழாய் இறுகி வரும் நோவும் அந்தக் குளிசைக்கு அடங்கும். மருந்துக்கு அடங்கியது என்பதை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் சாயாதீர்கள். (ஆண்மைக்கான சில்டெனாபில் வகைக் குளிசை பாவித்தவர் ஜிடிஎன் வைப்பதற்கு முன் அதைச் சொல்லியே ஆக வேண்டும். பிறஷர் அடியோடு விழுந்துவிடும். வெட்கம் வேண்டாம்.)

எது வாய்வு போலத் தெரியும்? குனிந்தால், படுத்தால், புளிப்பும் உறைப்பும் சாப்பிட்டால் எரிவது, நடந்தால் கூடாமல் இருப்பது. நடந்தால் வந்து நின்றால் போகும் "வாய்வு" எதுவும் ஈசிஜி பார்க்காமல் விடத் தக்கது அல்ல.

எனக்கு 52 வயது, ஆண். நடந்தால் நெஞ்சு இறுக்கும், நின்றால் விடும். எவ்வளவு வாய்ப்பு?

1979இல் அமெரிக்காவில் டயமண்டும் பொரஸ்டரும் வெளியிட்ட அட்டவணையைப் பார்த்தால், ஐம்பதுகளில் உள்ள ஆணுக்கு மூன்று அடையாளமும் இருந்தால் நூறில் 92 பேருக்கு அடைப்பு. மருத்துவ மாணவர்கள் நெடுங்காலம் மனப்பாடம் செய்த எண் அது. ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2019இல் கொடுத்த அட்டவணையில் அதே ஆளுக்கு 32 மட்டுமே. அதே வயதுப் பெண்ணுக்குப் பழையதில் சுமார் 79, புதியதில் 13.

இவ்வளவு வித்தியாசம் ஏன்? பழைய எண்கள் பெரும்பாலும் அஞ்சியோகிராம் (இதயக் குழாய்களுக்குள் சாயமருந்து ஏற்றிப் படம் எடுப்பது) வரை அனுப்பப்பட்டவர்களிடமிருந்து வந்தவை. சாதாரணமாக வெளிநோயாளர் பிரிவுக்கு வருபவர்களைவிட அவர்களுக்கு நோய் அதிகம். பிறகு மேற்கு நாடுகளில் புகைத்தலும் குறைந்தது, கொலஸ்ட்ரோல் குளிசையும் பரவியது.

புதிய அட்டவணையில் இன்னும் சில: அறுபதுகளில் உள்ள ஆணுக்கு மூன்று அடையாளமும் இருந்தால் 44, இரண்டு இருந்தால் 26. நாற்பதுகளில் உள்ள பெண்ணுக்கு அடையாளம் ஒன்றோ ஒன்றுமே இல்லாமலோ இருந்தால் 2. நூறில் 5 அல்லது அதற்குக் குறைவு என்றால் மேலும் சோதனை பொதுவாகத் தேவையில்லை. 15க்கு மேல் என்றால் சோதனை பயன் தரும். இடையில் உள்ளவர்களுக்கு மற்ற விஷயங்களைப் பார்த்து முடிவெடுப்பார்கள். உங்கள் 32 அந்த 15க்கு மேலே நிற்கிறது. எனவே பார்க்க வேண்டும்.

அது வெள்ளைக்காரர் கணக்கு. எங்களுக்குப் பொருந்துமா?

நியாயமான கேள்வி. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் இலங்கையும் அடங்கிய தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு வரும் நடு வயது 53 ஆக இருந்தது. மற்ற நாடுகளில் அது ஏறக்குறைய 59. ஆகவே ஐரோப்பிய அட்டவணையில் எங்கள் 45 வயதுக்காரரைத் தேடும்போது, எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போகக் கூடாது என்பது என் கருத்து.

வயதும் பாலும் நோவும் மட்டும் போதாது என்று ஐரோப்பியர்களே ஒத்துக்கொண்டார்கள். 2024 வழிகாட்டலில் ஐந்து காரணிகளையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்கிறார்கள்: சீனி வருத்தம், பிறஷர், கொலஸ்ட்ரோல், புகைத்தல், குடும்பத்தில் இளவயதில் இதய நோய். கடைசிக் காரணிக்கு அப்பா அல்லது சகோதரனுக்கு 55க்கு முன், அம்மா அல்லது சகோதரிக்கு 65க்கு முன் வந்திருக்க வேண்டும். 80 வயதில் இறந்த பெரியப்பா கணக்கில் வரமாட்டார். வெற்றிலையோடு புகையிலை போடுபவர் "நான் சிகரட் பிடிக்கிறதில்லை" என்று சொல்லித் தப்ப முடியாது. மெல்லும் புகையிலையும் மாரடைப்போடு தொடர்புடையது என்று இன்டர்ஹார்ட்டே காட்டியது.

ஈசிஜி க்ளியர் என்று சொன்னார்கள். இனிப் பயமில்லைதானே?

ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுத்த ஈசிஜி அந்த நிமிடத்து இதயத்தைத்தான் காட்டும். நடந்தால் மட்டும் நோகிறவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஓய்வு ஈசிஜி வழமையாகவே இருக்கும். எக்கோவும் (இதயத்தை ஸ்கான் செய்து பார்ப்பது) அப்படித்தான். மாரடைப்பு வந்து தசை பழுதாகியிருந்தால் பெரும்பாலும் தெரியும், குழாய் ஒடுங்கியிருப்பது மட்டும் ஓய்வு எக்கோவில் தெரியாது. சுருக்கமாக, ஈசிஜியில் மாற்றம் இருந்தால் அது பெரிய செய்தி. இல்லாவிட்டால் கதை இன்னும் முடியவில்லை.

வாட்டில் மறித்துவைத்து மறுபடி மறுபடி இரத்தம் எடுத்தது ஏன்?

அது ட்ரோபோனின் சோதனை. இதயத் தசை சேதமானால் இரத்தத்தில் கூடும் புரதம் அது, ஆனால் உடனே கூடாது. நோவு தொடங்கி சில மணித்தியாலம் ஆகும். நோவு வந்து ஒரு மணித்தியாலத்தில் எடுத்த முதல் சோதனை நல்லது என்பதை நம்பி வீட்டுக்கு விட முடியாது. அதிநுண் வகைச் சோதனை உள்ள இடங்களில் ஒன்று முதல் மூன்று மணித்தியாலத்தில் திரும்ப எடுப்பார்கள், பழைய வகையில் ஆறு மணித்தியாலமளவில். சிறுநீரக நோயாளிகளுக்கு ட்ரோபோனின் எப்போதும் சற்றுக் கூடுதலாகவே இருக்கலாம். அவர்களில் எண்ணைவிட ஏற்ற இறக்கமே முக்கியம்.

அவசரப் பிரிவில் பாவிக்கும் கணக்கு வேறு. 2008இல் நெதர்லாந்தில் வந்த ஹார்ட் ஸ்கோர் நோவின் கதை, ஈசிஜி, வயது, ஆபத்துக் காரணிகள், ட்ரோபோனின் ஐந்துக்கும் 0 முதல் 2 வரை புள்ளி கொடுக்கும். கூட்டி 3 அல்லது குறைவு என்றால் அடுத்த ஆறு கிழமையில் பெரிய இதயச் சிக்கல் வரும் வாய்ப்பு நூறில் இரண்டுக்கும் குறைவு என்று ஆய்வுகள் காட்டின. "ஒண்டும் இல்லை, போங்க" என்று விட்டதற்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருந்திருக்கலாம். அதை உங்களுக்கு விளக்காமல் விட்டது வேறு குறை.

ரெட்மில் டெஸ்ட் பொசிட்டிவ். வீட்டில் எல்லோரும் அழுகிறார்கள்.

அழுவதற்கு முன் கணக்கைப் பார்ப்போம். நடைப்பட்டியில் ஓடவிட்டு ஈசிஜி பார்க்கும் இந்தச் சோதனை, அடைப்பு உள்ள நூறு பேரில் சுமார் 68 பேரைத்தான் பிடிக்கும். அடைப்பு இல்லாத நூறு பேரில் சுமார் 23 பேரைப் பிழையாகப் பிடிக்கும்.

நாற்பதுகளில் உள்ள ஒரு பெண், குத்துகிற நோ, நடந்தால் அதிகரிக்காது. இப்படிப்பட்ட நூறு பேரில் தாராளமாக 5 பேருக்கு அடைப்பு என்று வைப்போம். அந்த ஐவரில் மூவர் பொசிட்டிவ். மீதி 95 பேரில் 22 பேரும் பொசிட்டிவ். ஆக 25 பொசிட்டிவ் துண்டுகளில் உண்மையானவை மூன்று.

இப்போது அறுபதுகளில் உள்ள ஆண், மூன்று அடையாளமும் உள்ளவர். நூறில் 44 பேருக்கு அடைப்பு. அவர்களில் 30 பேர் பொசிட்டிவ், அடைப்பில்லாத 56 பேரில் 13 பேர் பொசிட்டிவ். 43இல் 30 உண்மை. ஆனால் நெகட்டிவ் வந்த 57 பேரில் 14 பேருக்கு அடைப்பு இருக்கிறது! அவர் "ரெட்மில் பாஸ்" என்று சிரித்துக்கொண்டு போனால் எனக்குத்தான் பயம்.

ஒரே மெஷின், ஒரே பொசிட்டிவ். பெண்ணுக்கு அது எட்டில் ஒன்று, ஆணுக்குப் பத்தில் ஏழு. ஆகையால் வாய்ப்பு மிகக் குறைந்தவருக்கு "சும்மா ஒருக்கா பார்த்து வைப்போம்" என்று இந்தச் சோதனையைச் செய்வது நிம்மதி தருவதைவிடக் கலக்கம் தருவதே அதிகம். "ஃபுல் செக்அப்" பொதிகளில் இதைச் சேர்த்து விற்பதை நான் விரும்புவதில்லை.

அப்படியென்றால் நேரே அஞ்சியோகிராம் செய்துவிட்டால் என்ன?

வாய்ப்பு மிக அதிகம், அல்லது மருந்துக்கு அடங்காத நோ, அல்லது ஓய்விலும் வரத் தொடங்கிவிட்டது என்றால் அதுதான் வழி. மற்றவர்களுக்கு இடையில் சீடி அஞ்சியோகிராம் இருக்கிறது. அதன் பலம் "இல்லை" என்று சொல்வதில். குழாய்கள் சுத்தம் என்று வந்தால் ஏறக்குறைய நம்பிவிடலாம். குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு அதிகம் படிந்த வயதானவர்களில் படம் தெளிவாக வராது. இரண்டிலும் சாயமருந்து ஏற்றுவார்கள். சிறுநீரகம் பழுதானவர் கிரியேட்டினின் அறிக்கையை முன்னரே காட்ட வேண்டும்.

அடைப்பைக் கண்டுபிடித்தாலும் உடனே ஸ்ரென்ட் (ஒடுங்கிய குழாயை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாய்) என்று இல்லை. நிலையான நோ உள்ளவர்களில், மருந்தோடு ஒப்பிட ஸ்ரென்ட் ஆயுளைக் கூட்டவில்லை என்று 2007இல் கறேஜ் ஆய்வும் 2020இல் இஸ்கேமியா ஆய்வும் காட்டின. நோவைக் குறைக்கும், அது உண்மை. பிரதான இடது குழாயின் அடைப்பும், திடீர் மாரடைப்பும் வேறு கதை.

உம்மாவுக்கு 64 வயது, சீனி. நெஞ்சு நோவே இல்லை, களைப்புத்தான்.

களைப்பு, அதாவது நடந்தால் இளைப்பது, இதய நோவின் மறுபெயராக வரலாம். நீண்டகாலச் சீனி வருத்தத்தில் நோவைக் கடத்தும் நரம்புகள் மந்தமாகிவிடுவதால் நெஞ்சு நோவுக்குப் பதில் மூச்சிரைப்பு, வியர்வை, தாடையில் அல்லது இரு தோளுக்கு நடுவில் ஒரு பாரம் என்று வரும். 2019 அட்டவணையில் மூச்சிரைப்பு மட்டும் உள்ள அறுபதுகளில் உள்ள பெண்ணுக்கு வாய்ப்பு நூறில் 14. சீனியைச் சேர்த்தால் இன்னும் கூடும். இரத்தச்சோகை, ஆஸ்துமா, தைரொயிட் பார்க்க வேண்டும்தான், ஆனால் ஈசிஜியை முதலில் எடுங்கள்.

பெண்களிடம் இன்னொரு தொல்லை, கேட்டால்தான் சொல்வார்கள். பெரிய சோற்றுப் பானையை இறக்கும்போது வந்த இறுக்கத்தை, வேலை முடியட்டும் என்று விட்டுவிட்டு மறந்தும் போயிருப்பார்கள்.

கிளினிக்கில் வரைபடம் பார்த்து "மஞ்சள், 10% க்குக் குறைவு" என்றார்கள். அப்ப என் நெஞ்சு நோ?

இரண்டும் வெவ்வேறு கேள்விகள். சுகாதார அமைச்சின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் பார்க்கும் உலக சுகாதார நிறுவன வரைபடம், இப்போது நோவு ஒன்றும் இல்லாத ஒருவருக்கு அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் வாய்ப்பைச் சொல்கிறது. பச்சை 5க்குக் கீழ், மஞ்சள் 5 முதல் 10 வரை, செம்மஞ்சள் 20 வரை, அதற்கு மேல் சிவப்பு. இன்று உங்களுக்கு நோகிறதே, அதற்குக் காரணம் அடைப்பா என்பதை அந்தப் படம் சொல்லாது. மஞ்சளில் இருப்பவருக்கும் நடந்தால் நெஞ்சு இறுக்கினால் அவர் வரைபடத்தைவிட்டு வெளியே வந்துவிட்டார்.

தம்பிக்கு 27. இரவில் படபடப்பு, நெஞ்சு குத்து.

பெரும்பாலும் பதற்றம் அல்லது தசை. ஒரு ஈசிஜி, ஒழுங்கான விசாரிப்பு போதும். காய்ச்சலுக்குப் பிறகு வந்ததா, மயங்கி விழுந்தாரா, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் உண்டா, போதைப்பொருள் பாவனை உண்டா என்பதைத் தனியே வைத்துக் கேட்க வேண்டும். அப்பா பக்கத்தில் நின்றால் கடைசிக் கேள்விக்கு உண்மைப் பதில் வராது.

கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை நேர்த்தி. நடக்கும்போது கொஞ்சம் நெஞ்சு இறுக்கும். போகலாமா?

பார்க்காமல் போக வேண்டாம். பொத்துவில், உகந்தை வரைக்கும் வழியில் ஆஸ்பத்திரி உண்டு, வாகனம் பிடிக்கலாம். உகந்தையைத் தாண்டிக் குமண, யால காட்டுக்குள் இறங்கிவிட்டால் அம்புலன்ஸ் நினைத்த நேரத்துக்கு வராது. கொடி ஏறுவதற்குச் சில கிழமை முன்பே வந்தால் சோதனை முடித்து, மருந்து தொடங்கி, போகலாமா இல்லையா என்று பேச நேரம் இருக்கும். முதல்நாள் வந்து "ஒரு துண்டு தாங்க டொக்டர்" என்றால் என்னால் தர முடியாது.

இப்படியும் ஒரு குறிப்பு: முன்பு ஒரு மைல் நடந்தால் வந்தது இப்போது வாசலுக்குப் போனால் வருகிறது, அல்லது படுத்திருக்கும்போது வருகிறது என்றால் அது நிலையான நோ அல்ல. யாத்திரையும் வேண்டாம், கிளினிக் திகதியும் வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரி.

டொக்டரிடம் போகும்போது என்ன கொண்டு போக?

கிளினிக் கொப்பி, பழைய ஈசிஜி (புதியதோடு வைத்துப் பார்க்க இதைவிடப் பெறுமதியான கடதாசி இல்லை), பாவிக்கிற குளிசைகளின் உறைகள், நாட்டு மருந்து குடித்தால் அதன் விபரம். பிறகு நோவு வந்த நேரங்கள்: என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எங்கே நொந்தது, எத்தனை நிமிடம், எப்படி நின்றது. கொப்பியின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினாலும் போதும்.